நாலாயிரம் ரூபாயிலிருந்து நாட்டுடைமை வரை: பாரதி பாடல்களின் உரிமை கைமாறிய கதை

1949 மார்ச் 12 அன்று சென்னை மாகாணச் சட்டசபையில் கல்வி அமைச்சர் தி.சு. அவினாசிலிங்கம் ஓர் அறிவிப்பு செய்தார். சுப்பிரமணிய பாரதியின் எழுத்துகள் மீதுள்ள உரிமையை அரசே வாங்கி மக்களுக்குப் பொதுவாக்கப் போகிறது என்பதுதான் அதன் சாரம். அப்போது ஓமந்தூர் பி. ராமசாமி ரெட்டியார் முதல்வர். அறிவிப்பு வந்து ஒரு மாதம் முடிவதற்குள் அவர் பதவியை விட்டு விலகினார். ஆனால் அந்த முடிவு நின்றது. தமிழில் எழுதுகிறவர், அச்சிடுகிறவர், படிக்கிறவர் ஆகிய மூவருக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேசும்போது நான் திரும்பத் திரும்ப இந்த நிகழ்வுக்கே வருகிறேன். இதில் மூன்று தரப்பும் தங்கள் முழு நியாயத்தோடும் முழுக் குறையோடும் நிற்கிறார்கள்.

இதை வழக்கமாக ஒரு வெற்றிக் கதையாகத்தான் சொல்கிறோம். தனியார் கையில் சிக்கிய மகாகவியை மக்கள் மீட்டார்கள் என்று. அது உண்மைதான். ஆனால் அந்தக் கதையில் இரண்டு பேர் சரியாகத் தெரிவதில்லை. ஒருவர் பாரதியின் மனைவி செல்லம்மா. இன்னொருவர், பல ஆண்டுகள் அந்த நூல்களைத் தேடித் தொகுத்து அச்சிட்ட பதிப்பாளர் சி. விசுவநாதன். இவ்விருவரையும் உரிய இடத்தில் வைத்துப் பார்த்தால்தான் நடந்தது முழுதாகப் புரியும் என்பது என் துணிபு.

எழுதியவர் கையில் இருந்தபோது

பாரதியின் பாடல்கள் பெருந்தொகையாக அச்சேறியது முதன்முதலில் ஒரு புரவலரின் கைப்பணத்தில். 1907-இல் வி. கிருஷ்ணசாமி ஐயர் மூன்று பாடல்களை 15,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கினார். அவர் காங்கிரசின் மிதவாத அணி, பாரதி நேர் எதிர் அணி. அரசியலில் ஒத்துப்போகாத ஒருவர் பாட்டைக் கேட்டதும் பணத்தை எடுத்து வைத்தார் என்பது அந்தப் பாடல்களின் வலிமைக்குச் சான்று. ஆனால் இது வாசகர் காசு கொடுத்து வாங்கிய நூல் அல்ல. 1908-இல் பாரதி தாமே முதல் பாடல் தொகுப்பை வெளியிட்டார், 1909-இல் இரண்டாவது. அதற்குள் அவர் புதுச்சேரிக்குப் போய்விட்டார். அங்கே கழித்த பத்தாண்டுகளில்தான் பெரிய படைப்புகள் எல்லாம் உருவாயின. அச்சுக்கு வந்தவை அவற்றில் கொஞ்சமே.

ஒரே ஓர் உதாரணம் போதும். பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகம் 1912-இல் வெளிவந்தது. இரண்டாம் பாகம் வெளிவந்தது 1924-இல், கவிஞர் இறந்து மூன்று ஆண்டுகள் கழித்து. திரௌபதி சபதம் போடும் இடம் இரண்டாம் பாகத்தில் இருக்கிறது. ஆக, பாரதி உயிரோடு இருந்தவரை அவருடைய வாசகர்களில் பெரும்பாலோர் அந்தச் சபதத்தைப் படித்திருக்க வாய்ப்பில்லை. கையெழுத்துப் பிரதி தயாராக இருந்தும், அச்சுக்கூலி கொடுக்க ஆளில்லாமல் ஒரு காவியம் பாதியில் நின்றது.

இந்தக் காலத்தில் பாரதிக்குக் கிடைத்த நல்ல பதிப்பாளர் பரலி சு. நெல்லையப்பர். பாரதியை அண்ணனாக வரித்துக்கொண்ட இளைஞர். கையில் பெரிய முதல் கிடையாது. அவர்தான் 1917-இல் கண்ணன் பாட்டு முதலிய சிறு நூல்களை வெளியிட்டார். 1919-இல் கண்ணன் பாட்டு இரண்டாம் பதிப்பு கண்டது, வ.வே.சு. ஐயரின் முன்னுரையோடு. அதாவது வாங்க ஆள் இருந்தது. ஆனால் ஒரு குடும்பம் சாப்பிடும் அளவுக்கு அந்த வருமானம் இல்லை.

1918 நவம்பரில் புதுச்சேரியிலிருந்து வெளியே வந்து, கைதாகி, விடுதலையாகி, மனைவியின் ஊரான கடையத்துக்குப் போய்ச் சேர்ந்தார் பாரதி. அங்கிருந்து அவர் செய்த இரண்டு காரியங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். 1919 மே மாதம் எட்டயபுரம் ஜமீன்தாருக்குச் சீட்டுக்கவி எழுதினார். புலவர் அரசரிடம் பரிசில் கேட்கும் பழைய முறை. பலன் இல்லை. அடுத்த ஆண்டு, 1920-இல், நண்பர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். அதில் பரிசில் கேட்கவில்லை, கடன் கேட்டார்.

தம் எழுத்துகளை 40 நூல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் அச்சிடுவது திட்டம். மொத்தம் 4 லட்சம் பிரதிகள். இதற்கான முதலை நண்பர்கள் ஆளுக்குக் குறைந்தது 100 ரூபாயாகக் கடன் கொடுக்க வேண்டும். அதற்கு முத்திரை ஒட்டிய புரோநோட்டு எழுதித் தருவார், மாதம் நூற்றுக்கு 2 ரூபாய் வட்டி. மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் விற்பதைவிடச் சாதாரணமாகவும் வேகமாகவும் தம் நூல்கள் தமிழ்நாட்டில் விற்கும் என்று அவர் உறுதியாக நம்பினார்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் நெஞ்சு பதறுகிறது. மாதம் 2 வட்டி என்றால் 100 ரூபாய்க்கு ஆண்டுக்கு 24 ரூபாய். ஆயிரம் பிரதி விற்றுத் தீர்வதே பெரிய காரியமாக இருந்த நாளில் 4 லட்சம் பிரதிகளுக்குத் திட்டம் போட்டு, அந்த வட்டிக்குக் கையெழுத்திடவும் தயாராக இருந்தார். ஆனால் இதைப் பித்துக்கொள்ளித்தனம் என்று ஒதுக்குவதை நான் ஏற்கமாட்டேன். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் எல்லா வீட்டிலும் இருப்பவை, குடிசையிலும் இருப்பவை. தம் வாசகர் ஜமீனிலும் மடத்திலும் இல்லை, மளிகைக் கடையில் சாமான் வாங்கும் ஆளே தம் வாசகர் என்று பாரதி கண்டுகொண்டார். கவிஞர் பார்த்த வாசகர் கூட்டம் உண்மையாகவே இருந்தது. நாற்பது ஆண்டுகள் கழித்து அது தெரிந்தது. 1920-இல் அவருக்கும் அந்தக் கூட்டத்துக்கும் இடையே பாலம் போட ஆளில்லை, முதலில்லை.

பணம் வரவில்லை. சுதேசமித்திரன் நாளிதழில் மீண்டும் வேலைக்குச் சேர்ந்து சென்னைக்கு வந்தார். 1921 செப்டம்பரில் திருவல்லிக்கேணியில் இறந்தார்.

குடும்பமும் பிரசுராலயமும்

இனி செல்லம்மா. முப்பதுகளின் தொடக்கத்தில் கணவரை இழந்தவர், இரண்டு மகள்கள். கையில் இருந்த ஒரே சொத்து கணவரின் காகிதங்கள். அவர் உடனே அதைக் கையில் எடுத்தார். பாரதி ஆச்ரமம் என்ற பெயரில் 1922-இல் கணவரின் தேசியப் பாடல்களை வெளியிட்டார். ஒரு பிராமண விதவைக்கு அன்றைய சமூகம் விதித்திருந்த கட்டுகளை நினைத்துப் பார்த்தால், அவர் பதிப்பாளராக முன்வந்ததே பெரிய செயல். பாரதி நூல்களின் பதிப்பு வரலாற்றைப் பேசுகிறவர்கள் இதை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அது எப்போதும் வருத்தம் தரும்.

ஆச்ரமம் நீடிக்கவில்லை. 1924 வாக்கில் பாரதி பிரசுராலயம் தொடங்கியது. அதை நடத்திய மூவர்: பாரதியின் தந்தைக்கு இரண்டாம் தாரத்தின் வழியாகப் பிறந்த தம்பி சி. விசுவநாதன், உறவினர் ஹரிஹர சர்மா, மருமகன் நடராஜன். 1931-இல் பாரதியின் எழுத்துகள் மீதான உரிமையைச் செல்லம்மா பிரசுராலயத்துக்கு 4,000 ரூபாய்க்கு விற்றார். இளைய மகள் சகுந்தலாவின் திருமணத்தை ஒட்டி ஏறிய கடன் அதற்குக் காரணம். பிறகு மற்ற இருவரும் விலகிக்கொள்ள, விசுவநாதன் ஒருவரே உரிமையாளர் ஆனார்.

நாலாயிரம் ரூபாய் அன்றைக்குச் சிறு தொகை அல்ல. ஆனால் அது ஒரு முறை வந்து கடனில் போய்விட்ட தொகை. பதிப்புரிமை என்பது ஆண்டாண்டாக விளையும் நிலம், செல்லம்மா அதை ஒரு கல்யாணக் கடனுக்காகக் கிரயம் செய்து கொடுக்க நேர்ந்தது. அன்று நடைமுறையில் இருந்த 1914-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 50 ஆண்டுகள் வரை உரிமை உண்டு. பாரதி விஷயத்தில் அது 1971 வரை வரும். விற்ற நாளிலிருந்து நாற்பது ஆண்டு வருமானம் குடும்பத்தின் கையை விட்டுப் போயிற்று. வாங்கியவர்களும் குடும்பத்துக்கு உள்ளேயே இருந்தார்கள் என்பதால் இதைச் சுரண்டல் என்று சொல்ல முடியாது. சொத்தின் மதிப்பு யாருக்குமே தெரியாத நேரத்தில் நடந்த விற்பனை அது.

விசுவநாதனைப் பற்றி இரண்டு வார்த்தை. அவர் ஆசிரியத் தொழில் செய்தவர், பணக்காரர் அல்ல. பழைய இதழ்களிலும் கையெழுத்துத் தாள்களிலும் சிதறிக் கிடந்ததைத் திரட்டிப் பாடல் தொகுதிகளாகவும் கட்டுரைத் தொகுதிகளாகவும் கொண்டுவந்தது பிரசுராலயம்தான். சும்மா உட்கார்ந்து லாபம் பார்த்த தொழிலும் அல்ல அது. 1928-இல் பர்மா அரசைத் தொடர்ந்து சென்னை அரசும் பாரதி பாடல்களுக்குத் தடை போட்டது. போலீஸ் பிரதிகளைக் கைப்பற்றியது. சட்டசபையில் சத்தியமூர்த்தி அரசைக் கேள்வி கேட்டு வறுத்தெடுத்தார். அந்தத் தடையின் நஷ்டம் யார் தலையில் விழுந்திருக்கும்? பதிப்பாளர் தலையில்தான். பின்னாளில் நாட்டுடைமைக்காகக் குரல் கொடுத்தவர்களில் பலர் பாரதியைப் படித்ததே பிரசுராலயப் பதிப்பில் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கு.ப. ராஜகோபாலனும் சிட்டியும் பாரதியை மகாகவி என்று நிறுவ 1930களில் கட்டுரைப் போர் நடத்தினார்களே, அந்தப் போருக்கு வேண்டிய பாடல்களை யார் அச்சில் வைத்திருந்தார்கள்?

பாட்டுக்குத் தனி விலை

இந்த நிகழ்வில் இன்றைய எழுத்தாளர் ஊன்றிப் படிக்க வேண்டிய பகுதி இதுதான்.

தமிழில் பேசும் படம் வந்தது 1931-இல். வானொலியும் கிராமபோன் தட்டும் பரவத் தொடங்கிய காலம். அந்த 1930களில் பாரதி பாடல்களை ஒலி வடிவில் பயன்படுத்தும் உரிமையை விசுவநாதன் தனியாகப் பிரித்து, நகை வணிகத்தில் இருந்த ஜெசிங்லால் மேத்தா என்பவருக்கு விற்றார். அச்சு உரிமை தம்மிடம், ஒலி உரிமை மேத்தாவிடம். அன்றைக்குப் பதிப்பாளர்கள் கண்ணுக்கு நூல்தான் நூல், பாட்டாகப் பாடுவது அதன் வாலில் ஒட்டிக்கொண்டு வரும் சில்லறை வரும்படி.

பத்தாண்டுக்குள் நிலைமை தலைகீழாயிற்று. 1940களில் படத் தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பன் அந்த ஒலி உரிமையை மேத்தாவிடமிருந்து பத்தாயிரம் ரூபாயை ஒட்டிய தொகைக்கு வாங்கினார். ஒரே உரிமையின் ஒரு கிளைக்கு, செல்லம்மா முழு உரிமைக்கும் பெற்றதைவிட இரண்டு மடங்குக்கு மேல் விலை. மெய்யப்பனின் தொழிற்கண் கூர்மையானது. 1947 ஜனவரியில் வெளிவந்த நாம் இருவர் படத்தில் டி.கே. பட்டம்மாள் குரலில் பாரதி பாடல்கள் ஒலித்தன, குமாரி கமலா ஆடினார். சுதந்திரம் அடைந்துவிட்டோம் என்று ஆனந்தக் கூத்தாடும் பாட்டு, சுதந்திரம் வருவதற்கு ஏழு மாதம் முன்னால் ஊர் ஊராகக் கொட்டகைகளில் ஒலித்தது. படிக்கத் தெரியாதவர் நாவிலும் பாரதி ஏறியது இப்படித்தான். 1920-இல் கவிஞர் கனவு கண்ட மண்ணெண்ணெய் வாங்கும் கூட்டத்தை முதலில் எட்டிப்பிடித்தது புத்தகம் அல்ல, சினிமா.

அதே சினிமாதான் பிரச்சினைக்கும் வழிவைத்தது. 1948-இல் டி.கே.எஸ். சகோதரர்களின் பில்ஹணன் படம் வந்தது. அதில் தூண்டிற் புழுவினைப்போல் என்று தொடங்கும் பாரதி பாட்டு இடம்பெற்றது. உரிமை தம்மிடம் இருக்க, கேட்காமல் பயன்படுத்தியது தவறு என்று மெய்யப்பன் தரப்பு நோட்டீசு அனுப்பியது. கோவை நீதிமன்றத்தில் வழக்கும் தொடுத்தது. சகோதரர்களில் ஒருவரான டி.கே. சண்முகம் பணிந்துபோகவில்லை. பாரதி பாட்டு நாட்டின் பொதுச்சொத்து, அதைப் பாட ஒரு தனிமனிதரிடம் அனுமதி வாங்க வேண்டியதில்லை என்பது அவர் நிலை.

சட்டத்தை வைத்துப் பார்த்தால் மெய்யப்பன் பக்கம் பலம் அதிகம். காசு கொடுத்து முறையாக வாங்கியவர், தம் உரிமையைக் காக்கப் போனார். நாடகக்காரர் சண்முகம் சொன்னது சட்டத்தில் நிற்கக்கூடிய வாதமல்ல. ஆனால் தமிழ்நாட்டில் அதைக் கேட்டவர்கள் எல்லோரும் அது சரி என்றே நினைத்தார்கள். ஏன்? தடை இருந்த காலத்திலும் அந்தப் பாடல்களை ஊர்வலங்களில் பாடிக்கொண்டு போனவர்கள் அவர்கள். அந்தப் பாட்டுக்காகப் போலீசிடம் அடி வாங்கியவர்களும் அவர்களில் இருந்தார்கள். பத்திரப் பதிவில் அவர்கள் பெயர் இல்லை, அவ்வளவுதான்.

வாசகர்கள் களத்தில்

நாட்டுடைமை என்ற எண்ணம் பில்ஹணன் வழக்கோடு பிறந்ததல்ல. எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் கட்டக் கல்கி திரட்டிய நிதிக்கு வாசகர்கள் வாரி வழங்கினார்கள். 1947 அக்டோபரில் மண்டபம் திறக்கப்பட்டது. மண்டபத்துக்குக் காசு கொடுத்தவன் தன்னைப் பங்காளியாக உணர்வது இயல்பு. கல் மண்டபம் மக்களுடையது, கவிதை மட்டும் ஏன் ஒருவருடையது என்ற கேள்வி தானாக வந்தது. வழக்கு அந்தக் கேள்வியைத் தெருவுக்குக் கொண்டுவந்தது.

பாரதி விடுதலைக் கழகம் என்ற அமைப்பு உருவானது. வ.ரா., நாரண துரைக்கண்ணன், திருலோக சீதாராம் போன்ற எழுத்தாளர்கள் அதில் முன்நின்றார்கள். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: நாட்டுடைமை கேட்டுக் கிளர்ந்தவர்கள் தாங்களே எழுத்தை நம்பிப் பிழைத்தவர்கள். பதிப்புரிமையால் பலன் அடைய வேண்டியவர்களே, ஒரு கவிஞர் விஷயத்தில் அந்த உரிமை பொதுவாக வேண்டும் என்றார்கள். அவர்கள் பாரதியைத் தங்களுக்கு முன்னால் எழுதிய ஓர் எழுத்தாளராக மட்டும் பார்க்கவில்லை. தாங்கள் எழுதும் உரைநடையே அவர் போட்ட பாதை என்று நம்பினார்கள். முதலில் வாசகர்கள், பிறகுதான் எழுத்தாளர்கள்.

இன்னொரு காரியமும் செய்தார்கள், அதற்காக அவர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும். திருநெல்வேலிக்குப் போய்ச் செல்லம்மாவைச் சந்தித்து அவருடைய சம்மதத்தை எழுத்தில் வாங்கினார்கள். சட்டப்படி அவரிடம் அப்போது எந்த உரிமையும் இல்லை, பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே விற்றுவிட்டார். ஆனாலும் அவரைக் கேட்காமல் பாரதியைப் பொதுவாக்குவது தகாது என்று அவர்களுக்குத் தோன்றியது. சட்டம் மறந்துவிட்ட ஒருவரை இயக்கம் மறக்கவில்லை.

பிறகு நடந்தது விரைவாக நடந்தது. ஓமந்தூரார் அரசு பேச்சுவார்த்தையில் இறங்கியது. மெய்யப்பன் ஒலி உரிமையைப் பணம் வாங்காமல் அரசுக்குக் கொடுத்துவிட்டார். விசுவநாதனுக்கு 15,000 ரூபாய். செல்லம்மாவுக்கும் மகள்கள் தங்கம்மாள், சகுந்தலா இருவருக்கும் ஆளுக்கு 5,000 ரூபாய். மொத்தம் 30,000.

இந்தப் பட்டியலைக் கவனித்தால் அரசின் நிதானம் தெரியும். பிடுங்கிக்கொள்ள ஒரு சட்டம் போடவில்லை. உரிமை உள்ளவருக்கு விலை, உரிமை இழந்த குடும்பத்துக்கும் அதே அளவு தொகை. ஒருவருக்குப் பாதி, மூவருக்குப் பாதி. செல்லம்மா 1931-இல் பெற்றதையும் 1949-இல் பெற்றதையும் கூட்டினால் 9,000 ரூபாய். பாரதி நூல்களால் அவர் வாழ்நாளில் பெற்ற பெருந்தொகைகள் இவை இரண்டுதான் என்று எண்ணும்போது, நிதானம் வேறு, நீதி வேறு என்று தோன்றாமல் இல்லை. அவர் 1955-இல் காலமானார்.

மெய்யப்பன் பற்றியும் சொல்லியாக வேண்டும். வழக்குப் போட்டவர் என்பதால் அவரை இந்தக் கதையின் எதிரியாக எழுதுவோர் உண்டு. பத்தாயிரம் போட்டு வாங்கியதைச் சும்மா கொடுத்த ஒரே தரப்பு அவர்தான். அவர் இழுத்தடித்திருந்தால் சினிமாவிலும் வானொலியிலும் பாரதி இன்னும் இருபது ஆண்டு கட்டுண்டு கிடந்திருப்பார்.

பொதுவான பிறகு

வாங்கிய உடனே அரசு திறந்துவிடவில்லை. அறிஞர்கள் குழு ஒன்றைக் கொண்டு தானே பதிப்பிக்க முயன்றது. 1950களின் நடுவில்தான் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்ற நிலை வந்தது. அதன் பிறகு நடந்ததைக் கவிஞரின் 1920 திட்டத்தோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். சக்தி காரியாலயம் வை. கோவிந்தன் பாரதி கவிதைகளை ஒன்றரை ரூபாய்க்கு மலிவுப் பதிப்பாகக் கொண்டுவந்தார். பெரிய பதிப்பகம், சின்னப் பதிப்பகம், கோயில் வாசல் கடை என்று எல்லோரும் போட்டார்கள். தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த வீட்டில் ஒரு பாரதியார் கவிதைகள் இருப்பது சாதாரணமாயிற்று. 1998-இல் மதுரைத் திட்டம் தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக ஏற்றத் தொடங்கியபோது பாரதியை ஏற்ற யாரிடமும் கையேந்த வேண்டியிருக்கவில்லை.

வங்காளத்தை ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். தாகூரின் உரிமை அவர் நிறுவிய விசுவபாரதி பல்கலைக்கழகத்திடம் இருந்தது. 1991-இல் 50 ஆண்டு முடிந்து அது பொதுவாக வேண்டிய நேரத்தில், 1992-இல் இந்தியச் சட்டத்தையே திருத்தி 60 ஆண்டாக நீட்டினார்கள். தாகூர் பொதுவானது 2001 முடிவில். எந்த முறை நல்லது என்று கேட்டால் என் பதில் தயக்கத்தோடுதான் வரும். வாசகர் பெருக்கத்துக்குத் தமிழ்நாட்டு வழியே சிறந்தது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பாடத்தின் சுத்தத்துக்குப் பொறுப்பான ஒரு நிறுவனம் வங்காளத்தில் இருந்தது. இங்கே அப்படி ஒன்று இல்லை.

அந்தக் குறை பெரியது. மலிவுப் பதிப்புகள் ஒன்றைப் பார்த்து ஒன்று அச்சிட்டன. பிழையும் சேர்ந்து அச்சாயிற்று. ஒரு பாட்டு எந்த ஆண்டு எழுதியது, முதலில் எந்த இதழில் வந்தது, தலைப்பு பாரதி வைத்ததா பின்னால் வந்தவர் வைத்ததா என்ற குறிப்பு எதுவும் பெரும்பாலானவற்றில் கிடையாது. காலவரிசை இல்லாததால், இருபத்தைந்து வயதில் எழுதியதையும் முப்பத்தெட்டு வயதில் எழுதியதையும் வாசகர் ஒரே மூச்சில் படிக்கிறார், கவிஞர் வளர்ந்ததும் மாறியதும் கண்ணில் படுவதில்லை. இன்றைக்கோ பாரதி எழுதாத வரிகள் அவர் மீசைப் படத்துடன் கைபேசிகளில் சுற்றுகின்றன. இது அவருடையதல்ல என்று அதிகாரத்தோடு சொல்லும் இடத்தில் யாரும் இல்லை.

நாட்டுடைமை முறையும் தன் முதல் வடிவத்திலிருந்து விலகிவிட்டது. பாரதிதாசன், அண்ணா, கல்கி என்று தொடங்கிப் பட்டியல் இப்போது மிக நீண்டுவிட்டது. பாரதி விஷயத்தில் வாசகர்கள் கேட்டார்கள், அரசு செய்தது. பின்னாளில் அரசு தானாக அறிவிக்கிறது, வாரிசுகளுக்கு ஒரு தொகை கொடுக்கிறது. நலிந்த எழுத்தாளர் குடும்பங்களுக்கு அது உதவியாக இருக்கிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நூல்கள் நன்றாக விற்றுக்கொண்டிருக்கும் எழுத்தாளர்களின் குடும்பத்துக்கு இது பொருந்தாது. 2009-இல் அறிவிப்பு வந்தபோது கண்ணதாசன், சுந்தர ராமசாமி குடும்பத்தினர் ஏற்க மறுத்தது நியாயமானது. அங்கே பதிப்பும் வாசகரும் அறுபடாமல் இருந்தார்கள், அரசு இடையில் வரத் தேவை இருக்கவில்லை. பாரதி காலத்தில் கேட்கப்பட்ட கேள்விகளை ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும்: நூல் கிடைக்காமல் இருக்கிறதா? கேட்டு நிற்கும் வாசகர் இருக்கிறாரா? குடும்பத்தின் சம்மதம் மனமார வந்ததா?

விடுபட்டுப்போன அந்தப் பதிப்பு வேலையைச் செய்தவர்கள் அநேகமாகத் தனிமனிதர்கள். ரா.அ. பத்மநாபன் பழைய இதழ்களையும் படங்களையும் கடிதங்களையும் தேடித்தேடிச் சேர்த்தார். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1987-இல் பாடல்களுக்கு ஆய்வுப் பதிப்பு கொண்டுவந்தது. சீனி. விசுவநாதன் (பிரசுராலயத்தின் சி. விசுவநாதன் அல்ல, வேறொருவர்) பாரதி எழுதிய அனைத்தையும் எழுதிய வரிசையிலேயே தொகுப்பதைத் தம் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். கிடைத்த ஒவ்வொரு எழுத்தையும் அது வந்த இதழ், வந்த தேதியோடு பதிவு செய்தார். அந்தத் தொகுப்பு 2024 டிசம்பர் 11 அன்று, பாரதி பிறந்தநாளில், 23 தொகுதிகளாக வெளியானது. அதற்குப் பின்னால் பல பதிற்றாண்டுகளின் உழைப்பு இருக்கிறது. பாரதியின் எழுத்துக்கு யாரும் காசு கேட்க முடியாது என்பது 1949-இல் முடிவான விஷயம். அந்த எழுத்தைத் தேடிச் சரிபார்த்துக் கொடுப்பவரின் உழைப்புக்கு யார் காசு கொடுப்பது என்பதை அரசும் பேசவில்லை, பதிப்பாளர்களும் பேசவில்லை, வாசகர்களான நாமும் இன்னும் பேசத் தொடங்கவில்லை.